பார்வை மகஜரில் எழுதாமல் விட்டது

என் நிலையத்தில் வேலை பார்த்த ஒரு தலைமைக் காவலர் சாலை விபத்தில் இறந்தார். அந்த வழக்கின் விசாரணை அதிகாரி நான். அந்த நேரத்தில் அந்தச் சாலைக்கு அவரை அனுப்பியவனும் நான்தான். இரண்டும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அந்த வசதியை நான் பயன்படுத்திக்கொண்டேன். கோப்பில் அவர் சொந்த வேலையாகப் போனவர், வண்டியை அஜாக்கிரதையாக ஓட்டியவர். இரண்டும் பொய். எழுதியது நான்.

ஊரையும் ஆண்டையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்தக் குடும்பத்தை அடையாளம் கண்டுவிடுவார்கள். தென்மாவட்டம், நான்குவழிச் சாலையை ஒட்டிய நிலையம், 2017-க்கு முன்பு நடந்தது. இவ்வளவு போதும்.

ஒரு போலீஸ்காரர் கொல்லப்பட்டால் எங்கள் துறை எப்படி வேலை செய்யும் என்பதை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். 2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். கண்காணிப்பு கேமராவில் உருவம் கிடைத்தது. ஒரு வாரத்துக்குள் கர்நாடகத்தின் உடுப்பியில் இருவரைப் பிடித்தார்கள். பிறகு வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்குப் போனது. 2021 நவம்பரில் திருச்சி நவல்பட்டு நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், ஆடு திருடர்களை விரட்டிக்கொண்டு புதுக்கோட்டை மாவட்ட எல்லைக்குள் போய் வெட்டுப்பட்டு இறந்தார். ஓரிரு நாளில் ஆட்கள் சிக்கினார்கள். அமைச்சர்கள் வந்தார்கள், அரசு ஒரு கோடி ரூபாய் அறிவித்தது. இரவு ரோந்துக்குத் துப்பாக்கியோடு போங்கள் என்று அப்போதைய டிஜிபி அறிவுறுத்தினார். கொன்றவன் என்று ஒருவன் இருந்தால் அவனைத் தேட எங்களுக்குத் தெரியும். அதில் எங்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் கொன்றவன் இல்லாத சாவுகள்தான் எங்களிடம் அதிகம். பந்தோபஸ்து முடிந்து திரும்பும்போது பைக்கில் போய்ச் சேர்ந்தவர், பாரா நிற்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், லாரி ஓரமாக நின்று தணிக்கை செய்யும்போது பின்னால் வந்த வண்டி அடித்துத் தூக்கியவர். இவர்களுக்கு நடப்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவுப்படியான சாதாரண விசாரணை. இப்போது புதிய சட்டத்தில் அது 194. ஒரு விசாரணைக் கைதி காவலில் இறந்தால் 2005-இல் வந்த திருத்தப்படி நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போக வேண்டும். அது சரியான ஏற்பாடு. அடைத்து வைத்தவனே விசாரிக்கக் கூடாது என்பதற்காக வந்தது. எங்களில் ஒருவர் வேலையில் செத்தால் அப்படி வெளியாள் ஒருவர் வந்தே தீர வேண்டும் என்ற நியதி கிடையாது. சம்பவ இடம் எந்த நிலைய எல்லையோ அந்த நிலையம் விசாரிக்கும். என் ஏட்டு என் எல்லைக்குள் இறந்தார்.

அன்று ஓர் ஊரில் அம்மன் கோயில் கொடை விழா. எங்கள் பக்கத்துக் கொடை தெரிந்தவர்களுக்குத் தெரியும், சாமக் கொடை முடிய இரவு இரண்டு மணி தாண்டிவிடும். ஊருக்குள் ஏற்கெனவே இரண்டு தரப்புக்கும் மனத்தாங்கல் இருந்ததால் கூடுதல் ஆள் போட்டிருந்தோம். அந்த ஏட்டு முந்தின நாள் காலை ரோல்காலுக்கு வந்தவர். பகலில் கோர்ட் வேலை, மாலையிலிருந்து கொடை. சாமி இறங்கி, கூட்டம் கலைந்து, இனி வீட்டுக்குப் போகலாம் என்ற நேரத்தில் வயர்லெஸ் மைக்கில் தகவல் வந்தது. அமைச்சர் ஒருவரின் பயணத்தை முன்னால் தள்ளிவிட்டார்கள். விடியும் முன்பே பாலத்துக்குப் பாலம் ஆள் நிற்க வேண்டும்.

வேறு ஆள் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார்கள். யார் எப்போது வந்தார், யார் தூங்கி எழுந்தவர் என்று டூட்டி ரோஸ்டரைப் பார்த்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. மைக்கில் கூப்பிட்டால் மறுக்காத பெயர்கள் ஒவ்வொரு இன்ஸ்பெக்டருக்கும் மனப்பாடம். முணுமுணுப்பவரை எழுப்பி வாங்கிக் கட்டிக்கொள்வதைவிட, முணுமுணுக்காதவரை இன்னொரு தடவை அனுப்புவது சுலபம். என் பட்டியலில் அவர் பெயர் முதலில் இருந்தது. "ஓகேங்கய்யா" என்றார். அதுதான் நான் அவரிடம் கடைசியாகக் கேட்டது.

அவர் நிற்க வேண்டிய பாலத்தை அடைவதற்கு முன்பே, ஓர் ஓடைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் அவர் வண்டி மோதியிருந்தது.

நான் போனபோது வெளிச்சம் வந்துவிட்டது. அழுதேன், அதில் நடிப்பில்லை. அழுதுகொண்டிருக்கும்போதே மனதின் இன்னொரு பக்கம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. அதைத்தான் இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சில மாதம் முன்பு, இரவு பந்தோபஸ்து பார்த்தவரை ஓய்வு கொடுக்காமல் அடுத்த பந்தோபஸ்துக்கு அனுப்பக் கூடாது என்று மேலிருந்து கண்டிப்பான உத்தரவு வந்திருந்தது. அனுப்பும் பட்டியலின் அடியில் 'ஓய்வு அளிக்கப்பட்டவர்கள்' என்று நிலைய அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். நான் போட்டிருந்தேன். எல்லோரும் போடுவதுதான். ஆனால் இப்போது அந்தப் பட்டியலில் ஒருவர் செத்துக் கிடந்தார். என்னைப் போன்றவர்களுக்கு 3(பி) மெமோ, அதாவது பெரிய தண்டனை வரை போகக்கூடிய துறை நடவடிக்கை, என்றால் என்னவென்று துறையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு டி.எஸ்.பி. பதவி உயர்வுப் பேனலில் என் பெயர் இருந்தது. ஒரு 3(பி) நிலுவையில் இருந்தால் பேனல் தாண்டிப் போய்விடும்.

டி.எஸ்.பி. போனில் கேட்டார்: "என்னய்யா, அந்த நேரத்துல அவன் ரெஸ்ட்லதானே இருந்தான்?"

அவர் கேட்ட விதத்திலேயே பதில் இருந்தது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது வசதியான நினைப்பு. "இல்லைங்கய்யா, நான்தான் அனுப்பினேன்" என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. அவர் என்ன செய்திருப்பார் என்பது இன்றுவரை தெரியாது, ஏனென்றால் அந்த வாய்ப்பை நான் அவருக்குக் கொடுக்கவே இல்லை. "ஆமாங்கய்யா" என்றேன்.

பிறகு நடந்ததெல்லாம் எழுத்து வேலை.

முதலில் பொது நாட்குறிப்பு. ஜி.டி. என்போம். நிலையத்தில் யார் வந்தார், யார் போனார், எதற்குப் போனார் என்று மணிவாரியாக எழுத வேண்டிய பதிவேடு அது. இடையில் செருகக் கூடாது, அடிக்கக் கூடாது. எந்த நிலையத்திலும் இரவு ஜி.டி. காலையில்தான் எழுதப்படும் என்பது ஊரறிந்த ரகசியம். எனவே எதையும் அடிக்க வேண்டிய தேவைகூட எங்களுக்கு இல்லை. ரைட்டரிடம் சொன்னேன். கொடை பந்தோபஸ்து முடிந்து ஏட்டு ஓய்வுக்குச் சென்றார் என்று எழுதினார். பேனாவை எடுக்கும் முன் ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை. பாலத்துப் பட்டியலைப் புதிதாக அடித்து, அவர் பெயர் இருந்த இடத்தில் இன்னொரு காவலர் பெயரைப் போட்டோம். மைக்கில் நான் பேர் வாசித்ததை நிலையமே கேட்டிருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் பயந்தார்கள் என்பதைவிட, நான் அவர்களை அந்த நிலைக்குத் தள்ளினேன் என்பதே சரி.

அடுத்து முதல் தகவல் அறிக்கை. புகார் கொடுத்தது அவருடைய மச்சினன். அழுத கண்ணோடு வந்தவர். நாங்கள் சொல்லச் சொல்ல எழுதினார். பிரிவு 279, 304(ஏ): அஜாக்கிரதையாக ஓட்டியது, அதனால் உயிரிழப்பு. சாலையில் தனியாகப் போய் மோதியவர் மேல் வழக்குப் போடும்போது இறந்தவரே எதிரி, அதாவது குற்றம்சாட்டப்பட்டவர். எதிரி இறந்துவிட்டதால் மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது என்று கடைசியில் ஒரு வரி எழுதினால் கோப்பு மூடிக்கொள்ளும். இதைப் போல ஒழுங்காக மூடும் கோப்பு வேறு கிடையாது. எதிர்த்து வாதாட ஆளே இல்லை.

சம்பவ இடத்தில் கண்டதை எழுதும் பார்வை மகஜரில்தான் என் குற்றம் தெளிவாக இருக்கிறது. விபத்து இடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று புதிதாக வரும் எஸ்.ஐ.களுக்கு வகுப்பெடுத்தவன் நான். முதலில் ரோட்டில் டயர் தேய்ந்த கோடு இருக்கிறதா என்று பாருங்கள் என்பேன். எதிரே ஆபத்தைப் பார்த்தவன் பிரேக்கை மிதிப்பான்; ஒரு முழமாவது கோடு விழும். கோடே இல்லாமல், சாலை வளையாத இடத்தில், ஒரு வண்டி மெல்ல மெல்ல ஓரம் நகர்ந்து நேரே சுவரில் போய் முட்டியிருந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஓட்டியவர் கண் திறந்திருந்தாரா என்பது. அன்று ரோட்டில் கோடு இல்லை. நான் குனிந்து பார்த்தேன். கோடு இல்லை என்பதை மகஜரில் எழுதவில்லை. மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்துவிட்டு, இயந்திரக் கோளாறால் விபத்து நிகழவில்லை என்று வழக்கமான அறிக்கை தந்தார். பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் தலைக்காயம் என்றார், மது வாடை இல்லை என்றார். தூக்கம் உடம்பில் எந்தத் தடயத்தையும் விட்டு வைப்பதில்லை. அது ரோஸ்டரில்தான் கிடைக்கும். விசாரணை அதிகாரியாக நான் கைப்பற்றியிருக்க வேண்டிய ஆவணங்கள் ரோஸ்டர், ஜி.டி., மைக் லாக், அவருடைய செல்போன் அழைப்பு விவரம். ஒன்றையும் கைப்பற்றவில்லை. என்னையே நான் சாட்சியாக விசாரித்திருக்க வேண்டிய வழக்கு அது.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. மாதிரி வரைபடத்தில் வடக்குக் குறி போட்டு வண்டி எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று காட்ட வேண்டும். ஓய்வுக்குப் போனவர் வீட்டுக்குத்தானே போக வேண்டும்? அவர் வீடு தெற்கே. வண்டி வடக்கே போயிருந்தது. ஒரு பொய் சொன்னால் அடுத்தது தானே வந்து கதவைத் தட்டும். "சொந்த அலுவலாக" என்று இரண்டு சொல் சேர்த்தேன்.

பணத்தில் நான் செய்த கெடுதலை எண்ணிச் சொல்லிவிடலாம். பணியில் இருக்கும்போது இறந்த அரசு ஊழியர் என்ற முறையில் குடும்ப ஓய்வூதியம் வந்தது, மூத்த பையனுக்குக் கருணை அடிப்படையில் வேலையும் கிடைத்தது. அதை யாரும் தடுக்க முடியாது. பணியின் காரணமாக இறந்தவர் என்று பதிவாகியிருந்தால் வந்திருக்க வேண்டியவை வரவில்லை. தன் தவறால் இறந்தவர் என்று காவல்துறையே எழுதிக் கொடுத்திருப்பதால் இன்சூரன்ஸ் கம்பெனியும் கையை விரித்தது. வண்டி உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பு மட்டும் மிச்சம், அதுவும் அப்போது இரு சக்கர வாகனத்துக்கு 1 லட்சம்தான். 15 லட்சமாக்கியது 2018-இல். குடும்பத்துக்கு உதவுகிறேன் என்று இல்லாத லாரியை வழக்கில் கொண்டுவந்து நிறுத்தும் அதிகாரிகளும் உண்டு. அது தனிக் குற்றம், அதை நான் செய்யவில்லை. செய்யாததில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? இருந்தது.

எண்ணிச் சொல்ல முடியாதது வேறு. காரியம் முடிந்த பிறகு அவர் மனைவி நிலையத்துக்கு வந்தார். நாற்காலி போடச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், அது அவிய வீட்டுக்கு வார பாத இல்ல. டூட்டிக்குத்தான போனாவ?"

"இல்லம்மா, ரெஸ்ட் கொடுத்தாச்சு. எங்கயோ சொந்த வேலையா போயிருக்காரு."

"அந்நேரத்துல என்ன சோலி சார்?"

நான் தெரியவில்லை என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு ஊர் வேலையை எடுத்துக்கொண்டது. விடியக்காலம், வீட்டுக்கு எதிர்த் திசை, சொந்த அலுவல். ஒரு ஆண் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் எதற்குப் போவான் என்று ஆளாளுக்கு ஒரு வீட்டைக் காட்டினார்கள். அந்தப் பேச்சு அவர் மனைவி காதுக்கும் போனது, பிள்ளைகள் காதுக்கும் போனது. குடியும் இல்லை, வேறு எந்தக் கெட்ட பேச்சும் இல்லாமல் வாழ்ந்த மனிதர் செத்த பிறகு கெட்ட பெயர் எடுத்தார். அந்தக் காலத்தில் அந்த ஊர்ப் பக்கம் விசாரணைக்குப் போகும்போதெல்லாம் டீக்கடையில் இந்தக் கதையை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். "சும்மா இருங்கய்யா" என்று அதட்டுவேன். அதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை.

அடுத்த பேனலில் எனக்குப் பதவி உயர்வு வந்தது. டி.எஸ்.பி.யாகவே ஓய்வு பெற்றேன். ஒவ்வொரு அக்டோபர் 21 அன்றும் மாவட்டத் தலைமையகத்தில் நினைவுத் தூணுக்கு மலர்வளையம் வைத்திருக்கிறேன். 1959-இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படை சுட்டு மத்திய ரிசர்வ் போலீஸார் பத்துப் பேர் இறந்த நாள் அது. அந்த ஓராண்டில் பணியில் இறந்த காவலர்களின் பெயர்களை அன்று நாடு முழுக்க வாசிப்பார்கள். என் ஏட்டு இறந்த ஆண்டு வாசித்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. நான் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தேன்.

என்னை அசைத்தது 2017 டிசம்பர். மதுரவாயல் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன், கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளையர்களைத் தேடி ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துக்குத் தனிப்படையோடு போய்க் குண்டு பாய்ந்து இறந்தார். கொள்ளையர்கள் சுட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் இங்கே செய்தி வந்தது. தமிழ்நாடே கொதித்தது, நெல்லைச் சீமையில் சொந்த ஊரில் அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது. சம்பவ இடம் ராஜஸ்தான், ஆகவே விசாரித்தது ராஜஸ்தான் போலீஸ். உடன்போன இன்ஸ்பெக்டர் களேபரத்தில் தவறிச் சுட்டது என்று அவர்கள் சொன்னார்கள். இங்கே பல பேருக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் சங்கடத்தை வெளியூர்க்காரன் அம்பலத்தில் ஏற்றிவிட்டான் என்று மெஸ்ஸில் பேசினோம். நானும் பேசினேன். இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. அது நம் எல்லையில் நடந்து, நம் ஆட்களே விசாரித்திருந்தால் என்ன எழுதியிருப்போம் என்று எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. மற்றவர்கள் எப்படியோ, நான் என்ன எழுதியிருப்பேன் என்று தெரியும். பெரியபாண்டியன் தியாகத்தில் அந்த உண்மையால் ஒரு குன்றுமணி குறையவில்லை. அவர் வேலைக்குப் போன இடத்தில் வேலை செய்யும்போது இறந்தார், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் இறந்தவருக்கு இழுக்கு வரும் என்பது உயிரோடு இருப்பவர்கள் தங்களுக்காகச் சொல்லிக்கொள்வது.

ஓய்வுக்குப் பிறகு படித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்கள் பணியில் இறந்த சம்பவங்கள் பலவற்றை, 1998-லிருந்து, தொழில் பாதுகாப்பு குறித்த ஒரு மத்திய ஆய்வு நிறுவனம் தனியாக வந்து ஆராய்ந்திருக்கிறது. யாரையும் குற்றவாளியாக்குவது அதன் வேலையில்லை. அறிக்கையில் ஆட்களின் பெயர்கூட இருக்காது. என்ன பயிற்சி, என்ன கருவி, யார் எங்கே அனுப்பினார், இனி என்ன மாற்ற வேண்டும் என்று எழுதி எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறார்கள். அப்படி ஓர் ஆள் அன்று என் நிலையத்துக்கு வந்திருந்தால் ரோஸ்டரைக் கேட்டிருப்பார். மெமோ பயம் இல்லாத இடத்தில் நான் உண்மை சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்ள ஆசைதான். என் குற்றத்தை ஏற்பாட்டின் தலையில் இறக்கி வைக்கும் தந்திரமாகவும் அந்த ஆசை இருக்கலாம் என்பதால் அதை இதோடு விடுகிறேன். அதே ஏற்பாட்டுக்குள் இருந்துகொண்டே ஜி.டி.யில் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு மெமோ வாங்கிய இன்ஸ்பெக்டர்கள் எனக்குத் தெரிந்தே இருந்தார்கள். அவர்களைப் பிழைக்கத் தெரியாதவர்கள் என்போம்.

இதை இப்போது எழுதுவதில் வீரம் ஒன்றும் இல்லை. ஒருவரைக் காப்பாற்ற அரசு ஊழியர் பொய்யாக ஆவணம் எழுதினால் பழைய தண்டனைச் சட்டத்தின் 218-ஆம் பிரிவு, மூன்றாண்டு வரை தண்டனை. அந்த அளவு தண்டனைக்குரிய குற்றத்தைக் கோர்ட் எடுத்துக்கொள்ள வேண்டிய காலக்கெடுவும் மூன்று ஆண்டுதான். அது எப்போதோ தாண்டிவிட்டது. ஓய்வூதிய விதிப்படி நான்கு ஆண்டுக்கு முந்திய சம்பவத்துக்காக ஓய்வு பெற்றவன் மேல் புதிதாகத் துறை நடவடிக்கை எடுக்க முடியாது. இரண்டையும் ஒரு வக்கீலிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் பேனாவை எடுத்தேன். இதையும் சேர்த்து ஒத்துக்கொள்ளாவிட்டால் இந்த வாக்குமூலமும் இன்னொரு மகஜர்தான்.

அந்த ஏட்டின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் மனைவி எதுவும் பேசவில்லை, உள்ளே போய்விட்டார். மூத்த பையன்தான் வாசல் வரை வந்து, "எழுதிக் குடுங்க சார்" என்றான். எழுதிக் கொடுத்தேன். கொடை முடிந்ததும் என் உத்தரவின் பேரில் பாலத்து டூட்டிக்குச் சென்றார், ஓய்வு அளிக்கப்படவில்லை, பட்டியலும் ஜி.டி.யும் என் சொல்படி மாற்றி எழுதப்பட்டன என்று. அவன் அதை இணைத்து, அப்பாவின் இறப்பைப் பணியின்போது நிகழ்ந்ததாகத் திருத்தச் சொல்லி மனுப் போட்டான். அந்த ஆண்டு ஜி.டி.யும் ரோஸ்டரும் கெடு முடிந்து அழிக்கப்பட்டுவிட்டன, கோப்பில் உள்ள விசாரணை அதிகாரியின் இறுதி அறிக்கைக்கு மாறான ஆவணம் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. விசாரணை அதிகாரி என்று அவர்கள் குறிப்பிடுவது என்னை. அன்று ஜி.டி. எழுதிய ரைட்டர் இன்னும் பணியில் இருக்கிறார். அவர் வந்து சாட்சி சொன்னால் மனு நிற்கும் என்கிறார் வக்கீல். சொன்னால் ஓய்வு பெறாத அவர் மேல்தான் முதல் மெமோ பாயும். அவரைக் கேட்கலாமா என்று பையன் என்னிடம் கேட்டிருக்கிறான். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.